பையோடு வந்தவர்

— பையை முதல்ல கீழ வைங்கண்ணே. யாரோ பிடுங்க வர்ற மாதிரி கட்டிப்பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க.

— வெச்சுட்டுப் போகத்தான்மா வந்தேன். என் வீட்டுக்காரி குடுத்தனுப்பினா. கம்பளி நூல், ஊசி, பாதி பின்னினது, எல்லாம் இதுல இருக்கு. இனிமே அவளுக்கு வேண்டாமாம். உங்க பின்னல் கூட்டத்துல யாருக்காவது ஆகும்னா. நான் கிளம்பறேன்.

— அட, அக்காவோட வீட்டுக்காரரா! லிஃப்ட் மெக்கானிக் அண்ணன்! உக்காருங்க, உக்காருங்க. நான் பஸ் ஓட்டுறவ. உங்களை எனக்கு நல்லாத் தெரியும்.

— என்னையா? நாம பாத்ததே இல்லையே.

— பாக்கணுமா என்ன? இந்தச் சலவைக்கடையில நாங்க கூடறப்ப ஒரு மூடி திறக்கலன்னா, "எங்க வீட்டுக்காரர் இருந்தா ஒரே திருகு"ம்பாங்க. அந்தக் குழல் விளக்கு மினுக்கினா, "எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டா இப்படி விட்டுவைக்க மாட்டார்"ம்பாங்க. இன்னும் மினுக்கிக்கிட்டுத்தான் இருக்கு, பாருங்க.

— ஸ்டார்ட்டர் போயிருக்கும். பெரிய விஷயம் இல்லை.

— ரைட்டு. அதை அப்புறம் பாப்போம். அக்கா எப்படி இருக்காங்க?

— உசுருக்கு ஒண்ணும் இல்லை. பேச்சு தெளிவா இருக்கு. புடிச்சுக்கிட்டு நடக்கறா. வலது கைதான்... பக்கவாதம் வந்துட்டுப் போனதுல அது அப்படியே நின்னுபோச்சு. நடு மாடியில நின்ன லிஃப்ட் மாதிரி. பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கோம், நகர மாட்டேங்குது.

— நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தோம்ணே. உள்ள விட வேண்டாம்னு அக்காவே சொல்லிட்டாங்களாம். வீட்டுக்கு வர்றோம்னு சொல்லி அனுப்பினோம். அதுக்கும் வேண்டாம்னு பதில் வந்துச்சு. போனை எடுக்கறதே இல்லை.

— யார் மூஞ்சியையும் பாக்க மாட்டேங்கிறாம்மா. சுவத்தைப் பாத்துப் படுத்துக்கறா. நானும் வேலையை விட்டுட்டு அவ பக்கத்துலயே இருக்கேன். சரிம்மா, நான் வரேன். அவ தனியா இருப்பா.

— தனியா விட்டுட்டா வந்தீங்க?

— மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டுத் துணைக்கு வெச்சிருக்கா. "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லை"ன்னுதான் சொன்னா.

— அப்புறம் எதுக்குப் பறக்கறீங்க? கொஞ்சம் கையை நீட்டுங்க. ரெண்டு கையும். இன்னும் கொஞ்சம் அகலமா. ஆங், அப்படியே.

— எதுக்கும்மா?

— இந்த நூல் சுருளை மாட்டிக்குங்க. நான் உருண்டையாச் சுத்தணும். நாற்காலி முதுகுல மாட்டினா சிக்கு விழுது.

— என்னம்மா இது, கைது பண்ணின மாதிரி இருக்கு!

— அதேதான்ணே. சுருள் தீர்ற வரைக்கும் யாரும் எழுந்து ஓட முடியாது. அக்கா கண்டுபிடிச்ச வித்தை இது. புதுசா யாராவது வந்து, உள்ள வரலாமா வேண்டாமான்னு கதவுகிட்டயே நின்னாங்கன்னா, ஒரு வார்த்தை கேக்காம கையில சுருளை மாட்டி விட்டுடுவாங்க.

— அவளா? வீட்டுல அவ வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கறதே பெரும் பாடும்மா.

— இங்க மட்டும் என்ன வாழுது? அதே கதைதான். ஆனா ஒரு பழக்கம் உண்டு அவங்களுக்கு. யாராவது ஒண்ணைப் பின்னி முடிச்சா, மேல் பக்கத்தைப் பாக்கவே மாட்டாங்க. திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாப்பாங்க. முடிச்சு எங்க, பிரிச்சுப் பின்னினது எங்க, எல்லாம் அங்கதானே தெரியும்? பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி. "இதுக்கு நீ யாருக்கு நன்றி சொல்லணும்?"

— பின்னினவளுக்கு நாமதானே சொல்லணும்? அவ எதுக்குச் சொல்லணும்?

— நானும் அதைத்தான் கேட்டேன். "தனியா உக்காந்து பின்னினியா நீ? யாரோ ஒருத்தர் பக்கத்துல இருந்திருப்பாங்க. யாருன்னு யோசி, அவங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லு"ன்னாங்க. எங்க கூட்டத்துல ஒரு பல் டாக்டரம்மா இருக்காங்க. அவங்க அம்மா இறந்த புதுசுல இங்க வந்தாங்க. வருவாங்க, பின்னுவாங்க, போவாங்க. ஒரு சொல் பேச மாட்டாங்க. கடைசியில ஒரு மஃப்ளரை முடிச்சாங்க. அக்கா கேள்வியைப் போட்டாங்க. அந்தம்மாவுக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. "எனக்கு இங்க யாரும் எதுவும் செய்யலையே"ன்னாங்க.

— சரிதானே?

— கேளுங்க. அக்கா மஃப்ளரை மடிச்சுக்கிட்டே சொல்றாங்க, "இத்தனை நாளா யாரும் உன்னை ஒரு கேள்வி கேக்காம விட்டு வெச்சாங்களே, அதுக்குச் சொல்லேன்." அவ்வளவுதான். டாக்டரம்மா அந்த மஃப்ளர்லயே மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதாங்க பாருங்க, கீழ விழுந்த ஊசியைக்கூட யாரும் எடுக்கல. அழுது முடிச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயா போய்ச் சொன்னாங்க. இந்தச் சலவைக்கடைக்காரர் கடை வாசல்ல துணி தேச்சுக்கிட்டு இருந்தார், அவர்கிட்டயும் போய்ச் சொன்னாங்க. அவருக்கு எதுக்குன்னே தெரியல. "பரவாயில்லைம்மா, கறை போயிடும்"னார்.

— ஹா!

— சிரிச்சுட்டீங்க. கையை ஆட்டாதீங்க, நூல் நழுவுது.

— ஆட்டல, ஆட்டல. நீ சொல்லும்மா. உன்னை எப்படிப் பிடிச்சா?

— நான் சீருடையைச் சலவைக்குப் போட வந்தேன். அப்ப ஒரு மாசம் லீவுல இருந்தேன். என் பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு சைக்கிள்காரர் சறுக்கி விழுந்துட்டார். பிரேக் பிடிச்சேன், நின்னுடுச்சு. அவருக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்து தட்டிவிட்டுக்கிட்டுப் போயிட்டார். எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கல. ஸ்டியரிங்கைத் தொட்டாலே உதறும்.

— அது எங்க வேலையிலயும் உண்டும்மா. கயிறு ஒரு தடவை சறுக்கினா அப்புறம் அந்த லிஃப்ட் குழிக்குள்ள எட்டிப்பாக்கவே மனசு வராது.

— உங்களுக்குப் புரியுது. வீட்டுல யாருக்கும் புரியல. "ஒண்ணும் ஆகலையே, அப்புறம் என்ன?"ன்னாங்க. அக்காகிட்ட கை நடுங்குதுன்னேன். "நடுங்கற கையாலயே பின்னு"ன்னாங்க. அப்படியே பின்னினேன். மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், முதல் டிரிப், கதவைத் திறக்கறேன், அக்கா ஏறுறாங்க! டிக்கெட்டை வாங்கிக்கிட்டு எனக்கு நேர் பின்னாடி உக்காந்து ஊசியை எடுத்துட்டாங்க. பாதையெல்லாம் அந்த டிக் டிக் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசி ஸ்டாப் வந்தது, இறங்கல. திரும்பி வந்தோம், இறங்கல. சாயங்காலம் நான் பஸ்ஸை டிப்போவுல கொண்டு விடற வரைக்கும் கூடவே சுத்தினாங்க. "போதும்க்கா, வீட்டுக்குப் போங்க"ன்னேன். "இந்த ஸ்வெட்டர் கையை முடிச்சுட்டுப் போறேன், இங்க வெளிச்சம் நல்லா இருக்கு"ன்னாங்க.

— இரு, இரு. மழை பெய்ஞ்ச நாளா அது?

— ஆமா, நல்ல மழை.

— அன்னிக்கு அவ இருட்டினப்புறம்தான் வந்தா. எங்க போயிருந்தேன்னு கேட்டேன். "பஸ்ஸுல சுத்திட்டு வந்தேன்"னா. கிண்டல் பண்றான்னு நெனச்சு நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். நிஜமாவே பஸ்ஸுலதான் சுத்தியிருக்கா!

— சொல்லலையா உங்ககிட்ட?

— ஒரு வார்த்தை சொல்லல. என்ன பொம்பளைம்மா அவ! இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன், பாதிதான் பாத்திருக்கேன் போல.

— அழறீங்களா அண்ணே?

— கையைத்தான் கட்டிப் போட்டுட்டியே, எப்படித் துடைக்கிறது?

— இந்தாங்க, என் துண்டால துடைச்சு விடறேன். நீங்க கடைசியா யார்கிட்டண்ணே இப்படி உக்காந்து பேசினீங்க?

— யார்கிட்ட பேசறது? கூட வேலை செஞ்சவங்க முதல்ல வந்தாங்க. எனக்கு அவளை விட்டு நகர முடியல. அப்புறம் அவங்களும் வர்றதை விட்டுட்டாங்க. சரி, என் கதையை விடு. ஒண்ணு கேக்கணும். நான் உள்ள வர்றப்ப நீ பின்னிக்கிட்டு இருந்தே, அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டு ஊசியும் வேலை செய்யுதா, இல்லை ஒண்ணு சும்மா இருக்குதா?

— என்னண்ணே கேக்கறீங்க?

— உன் இடது கை ஊசி அசையவே இல்லை. கண்ணியைத் தாங்கிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். வலது கைதான் குத்தி, நூலைச் சுத்தி, இழுக்குது.

— ஆமா. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி. ஆனா ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டாப் போதும்.

— சும்மா தாங்கிக்கிட்டு நிக்கிற ஊசிக்குக் கை எதுக்கும்மா? ஒரு இடுக்கி போதுமே. மேஜை விளிம்புல மாட்டுற மாதிரி, உள்ள ரப்பர் வெச்சு. நல்லா இருக்கற கை மத்த வேலையைப் பாத்துக்காதா?

— அண்ணே! அக்காவோட இடது கை நல்லாத்தானே இருக்கு?

— நல்லா இருக்கு. ஆனா எனக்கு இந்தப் பின்னல் எப்படி ஓடுதுன்னு தெரியணும். தெரியாம இடுக்கி செஞ்சா கோணல்மாணலாத்தான் வரும்.

— அப்ப அடுத்த வாரமும் வாங்க. நாங்க சொல்லித் தரோம். பையைத் தூக்கிட்டுப் போங்க, இதை நாங்க வாங்கிக்க மாட்டோம். அந்த ஸ்டூலைப் போடவா? போறதுக்கு முன்னாடி விளக்கைப் பாத்துட்டுப் போயிடுங்க.

*

— பையைத் திருப்பிக் கொண்டு வந்துட்டீங்களா?

— நான் என்ன பண்றது? வாங்க மாட்டேன்னுட்டாங்க.

— ம். ரொம்ப நேரம் ஆச்சே.

— அந்த பஸ் டிரைவரம்மா விடவே இல்லை. கையில நூலை மாட்டி உக்கார வெச்சுட்டா. அப்புறம் பல் டாக்டர் வந்தாங்க. சலவைக்கடைக்காரர் வந்தார். அவர் துணி உலர்த்தற மெஷின்ல ஒரு சத்தம், பெல்ட் தேஞ்சிருக்கு. சொன்னேன். "வந்து மாத்தித் தர்றீங்களா?"ன்னார்.

— டீ குடுத்தாங்களா?

— குடுத்தாங்க. பன்னும் குடுத்தாங்க.

— சாப்பிட்டீங்களா?

— ரெண்டு சாப்பிட்டேன்.

— ம்.

— ஏய், பஸ்ஸுல நாளெல்லாம் சுத்தினியாமே நீ? மழை நாள் அன்னிக்கு?

— அதான் அன்னிக்கே சொன்னேனே.

— சொன்ன, சொன்ன! நல்லாச் சொன்ன! கிண்டல்னு நெனச்சேன் நான். அந்தப் பொண்ணு உன்னைப் பத்திச் சொல்லும்போது கண்ணெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. "அக்கா பின்னாடி இருக்காங்கன்னு தெரிஞ்சதும் கை நேரா நின்னுச்சு"ன்னா. ஏன் என்கிட்ட சொல்லல?

— அவ பயத்தை நான் எதுக்கு ஊரெல்லாம் சொல்லணும்? தலையணையை ஒசத்தி வைங்க. சட்டையில நூல் ஒட்டியிருக்கு, பாருங்க. பச்சை.

— இருக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கலாம்.

— அப்ப என்ன செய்யறதா உத்தேசம்?

— எதை?

— பையை. எனக்கு இது வீட்டுல இருக்கக் கூடாது. அடுத்த வாரம் மறுபடி கொண்டு போங்க.

— மறுபடியும் வேண்டாம்னா?

— வாங்கற வரைக்கும் போய்க்கிட்டே இருங்க. மாடி வீட்டம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.

*

— மேஜையை இன்னும் கிட்ட இழுக்கவா?

— என்னது இது, இரும்புல? என்ன கூத்துங்க இது?

— கூத்தா? ராவும் பகலும் அறுத்து ராவியிருக்கேன். இங்க பாரு, இந்த வாய்க்குள்ள ஒரு ஊசி நிக்கும். திருகினா சாயும், உன் கண்ணுக்கு ஏத்த மாதிரி. நூல் ஓட இங்க ஒரு வளையம். உன் இடது கையில இன்னொரு ஊசி. குத்து, சுத்து, இழு, விடு. அவ்வளவுதான்.

— உங்களுக்கு யாரு சொன்னா, குத்து, சுத்து, இழு, விடுன்னு?

— உன் கூட்டம்தான். எனக்கு ஒரு மஃப்ளரே ஆரம்பிச்சுக் குடுத்துட்டாங்க. மேல போகப் போக அகலமாயிட்டே போகுது. பல் டாக்டர் பாத்துட்டு, "இது மஃப்ளரா, மீன் வலையா?"ன்னாங்க. சலவைக்கடைக்காரர், "ஜன்னலுக்குப் போடலாம்"னார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— "உள்பக்கம் பாத்துட்டுப் பேசுங்க"ன்னேன்.

— மீன் வலைக்கு உள்பக்கமா!

— ஏய், சிரிக்கிறியா? இந்தப் பக்கம் திரும்பு. இவளே, நிஜமாச் சிரிக்கிறியா?

— கையைப் பிடிச்சுத் தூக்கி உக்கார வைங்க. அந்தச் சாமானை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க. எனக்குன்னு செஞ்சுட்டு உங்க உயரத்துக்கு மாட்டியிருக்கீங்க.

*

— அக்கா! வாங்க, வாங்க! மெதுவா. இந்த நாற்காலி. அண்ணே, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க.

— போதும்டி, நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? உக்காந்துக்கறேன். ஏங்க, நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க. சலவைக்கடைக்காரர் மெஷினைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கார்.

— இடுக்கியை நல்லா இறுக்கியிருக்கேன். ஆடினா கூப்பிடு.

— கூப்பிடறேன். போங்க.

— அக்கா, உங்களை இந்த நாற்காலியில பாத்து எவ்வளவு நாளாச்சு! மத்தவங்க இப்ப வந்துடுவாங்க. எல்லாரும் என்ன சொல்லப் போறாங்கன்னு நெனச்சா... இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன், என் துண்டு எங்க?

— அழுது வைக்காதே. நூல் நனைஞ்சா நாறும். இதைப் பாரு, நாலு வரிசை போட்டிருக்கேன். இடது கைக்குப் பழக்கமே இல்லை, குழந்தை எழுத்து மாதிரி இருக்கு.

— அண்ணன் போட்டதைவிட எவ்வளவோ தேவலை. உங்களுக்குத் தெரியுமாக்கா, அந்த இடுக்கியைச் செஞ்சு எடுத்துட்டு வந்தார். முதல்ல உங்ககிட்ட கொண்டு போகலை. இதே மேஜையில மாட்டி, தன் வலது கையைப் பெல்ட்டுக்குள்ள செருகிக்கிட்டு, இடது கையால மட்டும் பின்னிப் பாத்தார். ஒரு கண்ணி விழ அவ்வளவு நேரம் ஆச்சு. வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு. "வலது கையைக் கொஞ்சம் எடுத்துக்குங்கண்ணே"ன்னேன். "அவளுக்கு எடுத்துக்க முடியாதே"ன்னுட்டு மறுபடி குனிஞ்சுட்டார்.

— சொல்லவே இல்லையே அவர்.

— நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா என்ன? சரியான ஜோடி! முழுசா ஒரு வரிசை வந்ததும்தான் கையை வெளியே எடுத்தார். கையெல்லாம் மரத்துப் போயிருந்துச்சு. பல் டாக்டரம்மா உக்காந்து தேச்சு விட்டாங்க.

— ம். நல்ல மனுஷன்தான். இந்தக் கண்ணியைக் கொஞ்சம் தூக்கிக் குடு.

— இந்தாங்க. அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?

— கேளு.

— அப்ப எங்க யாரையும் கிட்டவே சேக்கலையே நீங்க. வந்தா வேண்டாம், போன் பண்ணினா எடுக்கறதில்லை. அதுக்கு மேல, நூல் ஊசி மொத்தத்தையும் பையில போட்டு அனுப்பிட்டீங்க. அண்ணன்கிட்ட சிரிச்சுப் பேசி அனுப்பிட்டேன், ஆனா அவர் போனப்புறம் எனக்கு ஆறவே இல்லை. இங்க யாராவது உங்க மனசு நோக ஏதாவது செஞ்சுட்டோமா?

— அட, அசடே. அப்படியா நெனச்சுக்கிட்டிருந்தீங்க எல்லாரும்?

— பின்ன? கை போன வெறுப்புல உதறிட்டீங்கன்னு ஒருத்தர். எங்களைப் பாத்தா வேதனையா இருக்குன்னு ஒருத்தர்.

— வேதனை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க வீட்டுக்கு வந்தா என்ன நடக்கும்? அவர் டீயைப் போட்டுக் குடுத்துட்டு சமையலறைக்குள்ள போய் நின்னுக்குவார். உங்களோட ஒரு வார்த்தை பேச மாட்டார்.

— அவரா? இப்ப அவர் வாயை மூடத்தான் நாங்க படாத பாடு படறோம்!

— இப்ப. நீ அப்ப பாக்கலை. வேலையை விட்டார். சேக்காளிங்களை விட்டார். சவரம் பண்றதை விட்டார். என் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தவர்தான். எனக்கு ஊட்டிவிட்டு, நான் மிச்சம் வெச்சதைத் தின்னுட்டு, நான் தூங்கறேன்னு நெனச்சு மூஞ்சியை மூடிக்கிட்டு அழுவார். "வெளியே போயிட்டு வாங்க"ன்னா, "உன்னை விட்டுட்டா?"ம்பார். கை எனக்குத்தான் போச்சு. ஆனா அந்த வீட்டுல கரைஞ்சுக்கிட்டு இருந்தது நான் இல்லைடி.

— அக்கா...

— சத்தம் கேக்குதா? உள்ள சிரிக்கிறார், அந்தச் சலவைக்கடைக்காரரோட. எந்நேரமும் சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்து, எப்படி அனுப்பறது, எந்தச் சாக்கைச் சொன்னா எழுந்து போவார்னுதான் யோசிச்சேன். போனா நீங்க யாரும் சும்மா விட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்ட சொல்லிடாதே, என்னை மீட்டது தான்தான்னு ரொம்பச் சந்தோஷமா இருக்கார்.

— சொல்ல மாட்டேன்க்கா. ஆனா... அப்ப அந்த நூலெல்லாம்?

— நூலை யாருடி அனுப்பினா? நான் உங்ககிட்ட குடுத்தனுப்பினது அவரை.